வேகமும் புகையும்: மோட்டார்ப் பந்தய எரிபொருளின் வரலாறு

கொங்கு நாட்டு ஊர்களில் ரேக்ளா வண்டிப் பந்தயம் நடைபெறும் நாளில், வென்ற காளைகளைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "இந்த மாடுகளுக்கு என்ன தீனி வைக்கிறார்கள்?" பருத்தி விதையாயினும் கொள்ளாயினும், வென்ற காளை தின்றதையே தம் காளைக்கும் ஊட்ட அண்டை ஊர்க்காரர் முற்படுவர். வென்றவன் உண்டதைத் தானும் உண்ண விரும்புதல் உலக இயல்பு.

மோட்டார்ப் பந்தயத்திலும் இவ்வியல்பு உண்டு. எந்த எண்ணெயை ஊற்றி வண்டி வென்றதோ அந்த எண்ணெயையே மக்கள் கேட்டு வாங்குவர். ஆனால் ஒரு வேறுபாடு உளது. காளை தின்ற தீனி காளையோடு போகும். மோட்டார் வண்டி உண்ட தீனியோ புகையாகி, வண்டியே இல்லாதவர் மூச்சிலும் கலக்கும். ஆதலின் பந்தய வண்டியின் தொட்டியில் ஊற்றப்பெறும் எரிபொருளின் வரலாறு, பந்தயத்தை ஒருநாளும் பார்த்திராதவர்க்கும் உரிய வரலாறாகும். அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற் பந்தயங்கள்

1894ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், 'லெ பெத்தி ஜுர்னால்' என்னும் பிரெஞ்சு நாளிதழ், பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகர் வரை குதிரையில்லா வண்டிகளின் போட்டி ஒன்றினை நடத்திற்று. தூரம் 126 கிலோமீட்டர். கலந்துகொள்ள விரும்பிப் பெயர் கொடுத்தோர் 102 பேர். முடிவில் புறப்பட்ட வண்டிகள் 21. முதலில் ரூவானை அடைந்தது தெ தியோன் பிரபுவின் நீராவி வண்டியே. ஆயினும் முதற் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. வண்டி ஓட்டுதற்கு எளிதாயும் செலவு குறைந்ததாயும் இருத்தல் வேண்டும் என்பது விதி. நீராவி வண்டிக்கோ கரி அள்ளிப் போட ஓர் ஆள் தனியே வேண்டியிருந்தது. எனவே முதற் பரிசு பெட்ரோலால் ஓடிய பெஜோ, பனார் வண்டிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இது நிகழ்ந்த ஐந்தாம் ஆண்டில், அதாவது 1899இல், பெல்ஜிய நாட்டவரான கமீய் ஜெனாட்சி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகக் கடந்து காட்டினார். அவர் எட்டிய வேகம் 105.88 கிலோமீட்டர். அவருடைய வண்டி ஓடியது பெட்ரோலால் அன்று, மின்கலத்தால்! மின்சார வண்டி என்பது நம் காலத்துப் புதுமை என எண்ணுவோர்க்கு இச்செய்தி வியப்பளிக்கக் கூடும்.

ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நீராவி, மின்சாரம், பெட்ரோல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிட்டன. சிறிய எடையில் மிகுந்த ஆற்றலை அடக்கி வைத்திருப்பது பெட்ரோல். 1901இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பெரும் எண்ணெய் ஊற்று பொங்கி எழுந்ததும் அதன் விலையும் வீழ்ந்தது. ஏனைய இரண்டும் பின்தங்கின. பெட்ரோலின் ஆட்சி தொடங்கிற்று.

ஈயம் நுழைந்த கதை

பெட்ரோலுக்கு ஒரு குறை இருந்தது. எஞ்சினின் அழுத்தத்தை உயர்த்தினால் வலிமை பெருகும். ஆனால் பெட்ரோல் அவ்வழுத்தத்தைத் தாங்காது, உரிய நொடிக்கு முன்னரே வெடித்து, எஞ்சினுள் சுத்தியல் கொண்டு தட்டுவது போன்ற ஓசையை எழுப்பும். மெக்கானிக்குகள் இதனை 'நாக்கிங்' என்பர். இதற்கு மருந்து காண்பதில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் டேட்டன் நகர ஆய்வுக்கூடம் முனைந்தது. அங்குப் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி, 1921ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், டெட்ரா எத்தில் ஈயம் என்னும் கூட்டுப்பொருளைச் சிறிதளவு கலந்தால் இவ்வோசை அடங்கிவிடும் என்று கண்டறிந்தார்.

எரிசாராயமாகிய எத்தனாலைப் பெட்ரோலுடன் கலந்தாலும் இந்நோய் தீரும் என்பது அவ்வாய்வுக்கூடத்தார் அறியாததன்று. அதனையும் அவர்கள் சோதித்துப் பார்த்தனர். ஆனால் எரிசாராயம் தானியத்திலிருந்தும் கரும்பிலிருந்தும் எவரும் வடிக்கக் கூடியது. அதன்மீது தனியுரிமை கொண்டாடுதல் இயலாது. மேலும், அதனைப் பெருமளவில் கலக்க வேண்டும். ஈயக் கூட்டுப்பொருளோ ஒரு காலனுக்கு ஒரு தேக்கரண்டி அளவும் வேண்டுவதில்லை; தனியுரிமையும் கிட்டும். ஆதலின் ஈயமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அது நஞ்சு என்பதை உலகம் ரோமானியர் காலந்தொட்டே அறியும். எனவே விற்பனைப் பெயரில் 'ஈயம்' என்னும் சொல் இடம்பெறவில்லை; 'எத்தில்' என்று மட்டும் சூட்டினர்.

1923ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டேட்டன் நகரில் இது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டு மே 30ஆம் நாள் இந்தியானாபோலிஸ் நகரில் புகழ்பெற்ற 500 மைல் பந்தயம் நடைபெற்றது. முதல் மூன்று இடங்களைப் பெற்ற வண்டிகளும் எத்தில் கலந்த பெட்ரோலால் ஓடியவை! இதனினும் சிறந்த விளம்பரம் வேறென்ன வேண்டும்? வென்ற காளையின் தீனியை ஊரார் கேட்டு வாங்கியது போல, அந்தப் பெட்ரோலை அமெரிக்க மக்கள் கேட்டு வாங்கலாயினர்.

அடுத்த ஆண்டிலேயே அதன் மறுபக்கம் தெரிந்தது. 1924 அக்டோபரில், நியூ ஜெர்சி மாநிலத்தில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனிக்குரிய ஆலையில் இப்பொருளைத் தயாரித்த தொழிலாளர் ஐவர், சில நாட்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். மேலும் பலர் சித்தம் கலங்கி மருத்துவமனை சேர்ந்தனர். 'பித்தேற்றும் வாயு' என்று செய்தித்தாள்கள் அதற்குப் பெயரிட்டன. மக்களின் அச்சத்தைத் தணிக்க மிட்ஜ்லி செய்தியாளரை அழைத்து, அவர்கள் கண்முன் அத்திரவத்தில் தம் கைகளைக் கழுவிக் காட்டினார். முந்திய ஆண்டில் அதே ஈய நஞ்சு தம் உடலில் ஏறியதால் அவர் வேலையை விட்டு ஓய்வெடுக்க நேர்ந்திருந்தது என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.

தொழில் நோய்களை ஆராய்வதில் தேர்ந்தவரான டாக்டர் அலிஸ் ஹாமில்டன் என்னும் பெண்மணி, தெருவெல்லாம் ஈயத்தைத் தூவும் இச்செயலைத் தொடக்கத்திலேயே எதிர்த்தார். 1925இல் அமெரிக்க அரசு ஒரு மாநாடு கூட்டியது. விற்பனையும் சிறிது காலம் நின்றது. ஆனால் மறு ஆண்டு, தடை செய்யத் தக்க காரணம் இல்லை என்று ஆய்வுக் குழு அறிக்கை தந்தது. விற்பனை மீண்டும் தொடங்கி, உலகெங்கும் பரவிற்று.

எரிசாராயமும் பந்தயமும்

சாலைகளிலிருந்து விலக்கப்பட்ட எரிசாராயம், பந்தயக் களத்தை விட்டு முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியப் பந்தயங்களை ஆண்ட ஜெர்மானிய மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் வண்டிகள் மெதனால், பென்சால் முதலியன சேர்ந்த கலவைகளால் ஓடின. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்விப்பது எரிசாராயத்தின் இயல்பு. எஞ்சின் சூடேறாமல் மிகுந்த வலிமை தரும். 1950இல் தொடங்கிய பார்முலா ஒன்று உலகப் போட்டியிலும் முதல் எட்டு ஆண்டுகள் இத்தகைய கலவைகளே வழங்கின. 1958 முதல் அவற்றை நீக்கி, விமானப் பெட்ரோலையே பயன்படுத்த வேண்டும் என்று விதி செய்தனர். அந்த விமானப் பெட்ரோல் ஈயம் கலந்தது. ஆக, பந்தயக் களத்திலும் எரிசாராயத்தின் இடத்தில் ஈயம் வந்து அமர்ந்தது.

இந்தியானாபோலிஸில் எரிசாராயம் வேறொரு காரணத்தால் நிலைபெற்றது. 1964 மே 30 அன்று நடந்த பந்தயத்தின் தொடக்கத்திலேயே டேவ் மக்டானல்டு என்பவரின் வண்டி சுவரில் மோதி, பெட்ரோல் தீப்பற்றி, பாதை முழுவதும் நெருப்புக் கோளமாயிற்று. பின்னே வந்த எடி சாக்ஸ் அதனுள் சிக்கினார். இருவரும் உயிரிழந்தனர். பெட்ரோல் தீயைத் தண்ணீரால் அணைக்க இயலாது. மெதனால் தீயோ தண்ணீருக்கு அடங்கும். எனவே மறு ஆண்டு முதல் மெதனாலே அக்களத்தின் எரிபொருளாயிற்று. அதற்கும் ஒரு தீங்கு உண்டு: அதன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது. 1981இல் ரிக் மியர்ஸ் என்ற வீரர், எரிபொருள் நிரப்ப நின்றபோது தீப்பற்றித் துடித்தார். சுற்றி நின்றோர்க்கு நெருப்பே தெரியவில்லை. நற்பேறாக அவர் உயிர் பிழைத்தார்.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. பந்தய உலகம் தன் எரிபொருளைத் தானாக மனமுவந்து மாற்றியதில்லை. உயிர்ச்சேதமோ, அரசின் சட்டமோ, எண்ணெய்ப் பஞ்சமோ வந்து கதவைத் தட்டிய பின்னரே மாற்றியது.

பால் பற்கள் சொன்ன சாட்சி

சாலையில் ஈயப் பெட்ரோலின் ஆட்சி அரை நூற்றாண்டு நீடித்தது. அதனை அசைத்தவர்களுள் முதன்மையானவர் கிளேர் பாட்டர்சன் என்னும் விஞ்ஞானி. பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் கணித்துக் கூறியவர் இவரே. பாறைகளிலுள்ள ஈயத்தை நுணுக்கமாக அளக்க முற்பட்டபோது, காற்றிலும் தூசியிலும் எங்கும் ஈயம் படிந்து கிடந்து தம் கணக்கைக் கெடுப்பதை அவர் கண்டார். இந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடியவர், மனித உடலில் இயற்கை அளவினும் மிகப் பன்மடங்கு ஈயம் சேர்ந்துவிட்டது என்று 1965இல் எழுதினார். கிரீன்லாந்துப் பனியைத் தோண்டி எடுத்து ஆராய்ந்ததில், ஆளரவமற்ற அப்பனிவெளியிலும் ஈயம் ஆண்டுக்காண்டு ஏறி வந்தமை தெரிந்தது.

1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் மருத்துவர், பள்ளிச் சிறுவர்களின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து அவற்றிலிருந்த ஈயத்தை அளந்தார். பல்லில் ஈயம் மிகுந்த குழந்தைகள், அறிவுத் தேர்வுகளில் பின்தங்கியும் கவனம் சிதறியும் இருந்தனர். நோயுற்ற குழந்தைகள் அல்லர் அவர்கள். பார்வைக்கு நலமாக விளையாடிய குழந்தைகளே. நம் வீடுகளில் பால் பல் விழுந்தால் கூரைமேல் எறிந்து விளையாடுவோம். அச்சிறு பல்லுக்குள் ஒரு நாட்டின் பெட்ரோல் வரலாறு எழுதப்பட்டிருந்தது என்பது எத்துணை வேதனைக்குரியது!

அமெரிக்காவில் 1975 முதல் புதிய கார்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் தேவையாயிற்று. 1996 முதல் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடுக்கப்பட்டது. நம் நாட்டில் 1995இல் டில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் நின்றது. உலகில் கடைசியாக அதனை நிறுத்திய நாடு அல்ஜீரியா, ஆண்டு 2021. மிட்ஜ்லி கண்டறிந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு முழு நூற்றாண்டு!

ஆனால் அமெரிக்கச் சட்டம் பந்தய வண்டிகளுக்கு விலக்களித்திருந்தது. சாலையில் தடுக்கப்பட்ட ஈயம், 'நாஸ்கார்' என்னும் புகழ்மிக்க பந்தயத்தில் 2007 வரை எரிந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு அப்பந்தயமும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியது. அலெக்ஸ் ஹாலிங்ஸ்வர்த், ஐவான் ரூடிக் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள், இம்மாற்றத்திற்கு முன்னும் பின்னும் பந்தயத் திடல்களைச் சூழ்ந்த வட்டாரங்களின் நிலையை ஒப்பிட்டு, 2021இல் வெளியிட்டனர். ஈயம் நின்றபின், குருதியில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதமும், முதியோர் இறப்பு விகிதமும் அவ்வட்டாரங்களில் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு வார இறுதியில் சில மணி நேரம் ஓடும் நாற்பது வண்டிகளின் புகைக்கு இத்துணை வலிமை உண்டு என்பதை இதற்கு முன் எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

எண்ணெய்ப் பஞ்சம் கற்பித்த பாடம்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது, மேலை நாடுகளில் பெட்ரோல் பங்குகளின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. வேலைக்குச் செல்வோர்க்கே எண்ணெய் இல்லாதபோது வேடிக்கைக்கு எண்ணெய் எரிப்பதா என்று மக்கள் கேட்டனர். 1974இல் டேட்டோனா 500 மைல் பந்தயம் 450 மைலாகச் சுருக்கப்பட்டது. டேட்டோனாவின் 24 மணிப் பந்தயமும் செப்ரிங்கின் 12 மணிப் பந்தயமும் அவ்வாண்டு நடைபெறவே இல்லை.

அந்நெருக்கடியின் நினைவு மறைவதற்குள் பந்தய விதிகளில் எரிபொருள் அளவு இடம்பெற்றது. பார்முலா ஒன்று பந்தயம் ஒன்றுக்கு 1984இல் 220 லிட்டர் என்று எல்லை வகுத்தனர். 1988இல் டர்போ வண்டிகளுக்கு 150 லிட்டராகக் குறைத்தனர். அவ்வாண்டில் நிகழ்ந்ததைக் காணுங்கள்: 150 லிட்டருக்குள் ஓடிய மக்லாரன் ஹோண்டா வண்டிகள், 16 பந்தயங்களில் 15இல் வென்றன! எண்ணெய் குறைந்தால் வேகம் குறையும் என்ற கூற்று பொய்த்தது. 2014 முதல் ஒரு பந்தயத்திற்கு 100 கிலோ என்று எல்லை வந்தது. 2019இல் 110 ஆயிற்று. இவ்விதிகளின் நெருக்கடியால் எஞ்சின்கள் கூர்மை பெற்றன. எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் இயக்கமாக மாற்றும் எஞ்சினை, 2017இல் மெர்சிடிஸ் கம்பெனி தன் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டியது.

புதிய எரிபொருள்கள்

நிற்க. ஈயம் போயிற்று, கரியமில வாயு நின்றது. பூமி வெப்பமடைவதற்கு அவ்வாயு காரணம் என்பது தெளிவானபின், பந்தயக் களத்தின் மீது உலகின் பார்வை மறுபடியும் திரும்பிற்று.

எத்தனால் இந்தியானாபோலிஸுக்கு வந்த வரலாற்றில் பால் டானா என்னும் இளம் வீரருக்குச் சிறப்பான இடம் உண்டு. தாவர எரிபொருளில் ஆர்வங்கொண்ட அவர், எத்தனால் உற்பத்தியாளரின் ஆதரவைத் தேடிப் பெற்று, அதன் புகழைப் பரப்புவதையே தம் பணியாகக் கொண்டார். 2006ஆம் ஆண்டில் மெதனாலுடன் பத்தில் ஒரு பங்கு எத்தனால் சேர்ப்பதென்றும், மறு ஆண்டு முழுவதும் எத்தனாலுக்கு மாறுவதென்றும் முடிவாயிற்று. 2006 மார்ச்சு 26 அன்று, அப்பருவத்தின் முதற் பந்தயம் தொடங்குவதற்கு முந்திய பயிற்சி ஓட்டத்தில் நேர்ந்த மோதலில் டானா உயிரிழந்தார். தாம் விரும்பிய எரிபொருள் அக்களத்தை முழுதும் ஆண்ட 2007ஆம் ஆண்டை அவர் காணவில்லை. 1920ஆம் ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட எரிசாராயம், எண்பது ஆண்டுகளுக்குப்பின் வெற்றியாளரின் தொட்டிக்குத் திரும்பியது.

அதன்பின் மாற்றம் விரைந்தது. 2022இல் பிரான்சு நாட்டு லெ மான் 24 மணிப் பந்தய வண்டிகள், திராட்சை மது வடித்தபின் எஞ்சும் சக்கையிலிருந்தும் வண்டலிலிருந்தும் செய்த எரிபொருளால் ஓடின. அதே ஆண்டில் உலக ராலிப் போட்டி, நிலத்தடி எண்ணெய் சேராத எரிபொருளை ஏற்றது. பார்முலா ஒன்று 2022இல் பத்து விழுக்காடு எத்தனால் கலந்தது. 2026 முதல் முற்றிலும் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் என விதி செய்தது. உணவுப் பயிரல்லாத தாவரக் கழிவு, நகரக் குப்பை, அல்லது பிடித்துச் சேர்த்த கரியமில வாயு ஆகியவற்றிலிருந்தே அது செய்யப்பட வேண்டும்.

இவ்வகை எரிபொருளைப் பற்றி ஓர் ஐயம் தோன்றலாம். வண்டியின் புகைக்குழாயில் வரும் கரியமில வாயு இதனால் குறையுமா? குறையாது. வேறுபாடு வருமிடத்தில் இல்லை; எடுத்த இடத்தில் உள்ளது. ஒரு குடும்பத்தார் இவ்வாண்டு நிலம் தந்த விளைச்சலை உண்பதும், நிலத்தையே விற்று உண்பதும் ஒன்றாகா. பயிர் இவ்வாண்டு காற்றிலிருந்து உறிஞ்சிய கரியை எரித்தால், அது வந்த இடத்திற்கே திரும்புகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் உறங்கிய கரியை எழுப்பி எரித்தால், அது காற்றில் புதிய சுமையாக ஏறுகிறது.

பயிரே இல்லாமலும் பெட்ரோல் செய்யலாம். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அதனைக் கரியமில வாயுவுடன் சேர்த்து மெதனாலாக்கி, மெதனாலைப் பெட்ரோலாக்குவது ஒரு முறை. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், ஓயாது காற்று வீசும் தென்கோடியில், காற்றாலை மின்சாரங்கொண்டு இவ்வாறு செய்யும் ஆலை 2022 டிசம்பரில் இயங்கத் தொடங்கிற்று. போர்ஷ் கம்பெனி அதனை முதலில் தன் பந்தயங்களுக்கென்றே வேண்டிற்று. ஆயினும் இது செலவு மிக்கது. ஒரு காரை மின்கலத்தால் நேரே ஓட்டுவதற்கு ஆகும் மின்சாரத்தைப்போலப் பல மடங்கு, இப்பெட்ரோலைச் செய்வதற்கு ஆகும். மின்கலத்தின் வழியே சென்றவர்களும் உண்டு. முற்றிலும் மின்சாரத்தால் ஓடும் பார்முலா ஈ பந்தயம் 2014இல் பீஜிங் நகரில் தொடங்கி, 2023 பிப்ரவரியில் நம் ஐதராபாத்திலும் நடைபெற்றது. ஜெனாட்சியின் மின்சார வண்டி நூற்றிருபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் இந்தியத் தெருவில் வந்து நின்றது எனலாம்.

கணக்குப் பார்த்தபோது

இத்துணை முயற்சியும் எவ்வளவு புகையைக் குறைக்கும்? இக்கேள்விக்கு விடை பார்முலா ஒன்று நிர்வாகமே வெளியிட்ட கணக்கில் உள்ளது. 2018ஆம் ஆண்டில் அப்போட்டியால் விளைந்த கரியமில வாயு முதலியவற்றின் அளவு 2,56,551 டன். அதில் பந்தய வண்டிகளின் எஞ்சின்கள் வெளியிட்டது 0.7 விழுக்காடு மட்டுமே! வண்டிகளையும் கருவிகளையும் விமானத்திலும் கப்பலிலும் லாரியிலும் நாடு விட்டு நாடு கொண்டுசெல்வதற்கு 45 விழுக்காடு. பணியாளர் பயணத்திற்கு 27.7 விழுக்காடு, தொழிற்சாலைகளுக்கு 19.3 விழுக்காடு, பந்தயம் நடத்துவதற்கு 7.3 விழுக்காடு. பார்க்க வரும் இலட்சக்கணக்கான மக்களின் பயணம் இக்கணக்கில் சேரவே இல்லை.

காரணம் தேட வேண்டியதில்லை. 1950இல் உலகப் போட்டியில் பந்தயங்கள் ஏழு, 2018இல் 21, 2024இல் 24. அவற்றின் வரிசையும் சீராக அமையவில்லை. 2023இல் ஏப்ரல் 30 அன்று காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கு நகரில் ஒரு பந்தயம். ஒரு வாரத்தில், மே 7 அன்று, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் மியாமியில் அடுத்த பந்தயம். எனவே வரிசையைத் திருத்தும் முயற்சி தொடங்கிற்று. 2024இல் ஜப்பானியப் பந்தயத்தை இலையுதிர் காலத்திலிருந்து ஏப்ரலுக்கு மாற்றி, ஆசியப் பந்தயங்களுக்கு அருகில் அமைத்தனர். ஐரோப்பாவில் சரக்கு லாரிகளைத் தாவர எண்ணெய் எரிபொருளால் ஓட்டினர். 2030க்குள் நிகரப் புகையைச் சுழியமாக்குவதாக 2019இல் உறுதி கூறிய நிர்வாகம், 2024 முடிவுக்குள் 26 விழுக்காடு குறைத்துள்ளதாக அறிவித்தது.

0.7 விழுக்காட்டிற்காகவா புதிய எரிபொருளுக்கு இத்துணை ஆரவாரம் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. சரக்கு விமானத்தை மறைக்கும் திரையாக இவ்வெரிபொருள் பயன்படுமாயின் அது கண்டிக்கத் தக்கது. ஆனால் 1923ஐ நினைவு கூர்க. அன்று இந்தியானாபோலிஸில் மூன்று வண்டிகள் எரித்த ஈயம் உலகக் கணக்கில் ஒரு துளியும் ஆகாது. அவ்வெற்றியைக் காட்டி உலகெங்கும் விற்ற ஈயமே பெருங்கேடாயிற்று. பந்தய வண்டியின் புகை சிறிது. அதன் விளம்பரம் பெரிது. தீமைக்கு விளம்பரமாகப் பயன்பட்ட களம் நன்மைக்கும் பயன்படக் கூடும்.

நம் நாட்டில்

மோட்டார்ப் பந்தயம் நமக்கு அயலானதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்தில் அமைத்த விமானத் தளத்தில், பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் அமைந்தது. கோவையில் வளர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன்றில் ஓடிய முதல் இந்தியரானார். டில்லிக்கு அருகே கிரேட்டர் நோய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் அப்பந்தயம் நடைபெற்றது.

ஆனால் இவ்வரலாறு நம்மைத் தொடுமிடம் பந்தயக் களம் மட்டுமன்று. நம் காலனி முனையிலுள்ள பெட்ரோல் பங்கும் ஆகும். 2014இல் நம் பெட்ரோலில் எத்தனால் ஒன்றரை விழுக்காடு அளவிலேயே இருந்தது. 2030க்குள் 20 விழுக்காடு என்று வைத்த இலக்கு, ஐந்தாண்டு முன்னதாகவே, 2025இல் எட்டப்பட்டது. இறக்குமதி எண்ணெய்க்குச் செல்லும் அன்னியச் செலாவணி மிச்சமாதலும், உழவர் கையில் பணம் சேர்தலும் இதன் நன்மைகள். மறுபக்கமும் உண்டு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஆற்று நீருக்காக மாநிலங்கள் வழக்காடும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. அரிசியும் சோளமும் எண்ணெய்த் தொட்டிக்குச் சென்றால் சோற்றுப் பானைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியும் எழுகிறது. கழிவிலிருந்தும் சக்கையிலிருந்தும் எரிபொருள் செய்யும் முறைகளைப் பந்தயக் களங்கள் சோதிப்பதால் நமக்கு ஆதாயம் உண்டெனில், அது இங்கேதான்.

முடிவுரை

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் இல்லங்களில் இளைஞர்கள் தொலைக்காட்சி முன் அமர்ந்து பந்தயம் பார்க்கின்றனர். அவ்வார்வத்தைத் தடுக்க வேண்டுவதில்லை. துணிவும் நுண்ணறிவும் கைத்திறனும் ஒருங்கே விளங்கும் ஆட்டம் அது. யார் வென்றார் என்று அவர்கள் கேட்கும்போது, எதை எரித்து வென்றார், அதை யார் விற்கிறார், அதன் புகை யார் மூச்சில் சேர்கிறது என்றும் கேட்கப் பழக்குதல் பெரியோர் கடமை.

1923இல் அக்கேள்வியை உரக்கக் கேட்டோர் சிலரே. அலிஸ் ஹாமில்டனைப் போன்ற அச்சிலரின் குரல் அன்று எடுபடவில்லை. விடை வருவதற்குள் மூன்று தலைமுறைக் குழந்தைகளின் பால் பற்களில் ஈயம் ஏறிவிட்டது. இன்று புதிய எரிபொருள்கள் வெற்றி மாலையுடன் வந்து நிற்கின்றன. அவை நல்லனவாகவே இருக்கலாம். நல்லனவா என்று வாங்கும் முன்னரே கேட்டறிவோமாக.